இராஜநாயகத்தின் பேரில் வந்த பால்

டோரினுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதமானபோது, அவள் வேலை செய்த கப்பல் சரக்குக் கம்பனி அவளை மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னைக்குப் போகச் சொன்னது. புதிய கணினி முறை ஒன்று வருகிறது, அவள் போய்ப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் மாட்டேன் என்றால் போவதற்கு அலுவலகத்தில் இன்னும் நாலு பேர் பெட்டி கட்டாத குறையாக நின்றார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கும் முலையில் பால் சுரக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பிள்ளையின் பெயர் கொன்ஸ்ரன்ரைன். துறைமுகத்தில் வேலை செய்து, கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரோடு சண்டை பிடித்து, மீதிப் பேரின் சண்டையை விலக்கி, போன வருடம் செத்துப்போன மாமனாரின் பெயர் அது. அவ்வளவு பெரிய பெயரை அவ்வளவு சின்ன உடம்பில் வைத்ததாலோ என்னவோ, பிள்ளை பிறந்த நாளிலிருந்தே மேலதிகாரி மாதிரி நடந்துகொண்டான். பால்மா கரைத்துக் கொடுத்தால் ஒரு வாய் வாங்கி, யோசித்துப் பார்த்து, கொடுத்தவரின் முகத்திலேயே திருப்பித் தருவான். தாயின் பாலைப் போத்தலில் கொடுத்தால் மட்டும், ஏதோ உபகாரம் செய்கிறவன்போலக் குடிப்பான்.

அதனால் டோரினிடம் ஒரு பம்ப் இருந்தது. கணவன் கிளறன்ஸின் அக்கா நேசம் கனடாவிலிருந்து அனுப்பியது. சின்ன ரேடியோ ஒன்றுக்குக் குழாய் முளைத்த மாதிரி இருக்கும். உள்ளே மோட்டர், பின்னால் பற்றறி, இரண்டு பக்கமும் ரப்பர்க் குழாய், குழாயின் நுனியில் புனல். குண்டுகள் வெடித்த அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் வயரும் பற்றறியும் உள்ள சாமானொன்றை நெஞ்சோடு பொருத்திக்கொள்கிறாள் என்றால் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. ஆகவே டோரின் அதை ஒரு பூப்போட்ட பையில் வைத்து, மேலே இரண்டு பிள்ளைச் சட்டைகளையும் அந்தோனியார் படமொன்றையும் போட்டுத்தான் கொண்டு திரிவாள்.

அலுவலகத்தில் கோப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுப்பாள். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மனேஜர் இராஜநாயகம், "உதுக்குள்ள என்ன இரையுது? எலியே?" என்று கேட்டார். யாரோ அவருடைய காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அன்றைக்குப் பிறகு அவர் கோப்பறைப் பக்கமே போகவில்லை. கோப்பு வேண்டுமென்றால், ஆள் இல்லாத நேரத்திலும், வாசலில் நின்று ஒருமுறை செருமிவிட்டு வேறு யாரையாவது அனுப்பி எடுப்பார்.

இராஜநாயகம் வெள்ளவத்தையில் இருந்தார். ஐம்பத்தாறு வயது, யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை விரதம். பம்ப் விஷயம் தெரிந்த நாளிலிருந்து டோரினோடு கதைக்கும்போது 'பால்' என்ற சொல்லையே விட்டுவிட்டார். வீட்டில் அது அவருக்கு முடியாத காரியம். மனைவியின் பெயர் பாலேஸ்வரி.

டோரினோடு சென்னைக்குப் போகிற மற்ற ஆள் அவர்தான். ஒப்பந்தமொன்றில் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது.

"மூண்டு நாளும் பிள்ளை என்னத்தைக் குடிக்கும்?" என்று மாமியார் றோஸி கேட்டாள்.

"பிரிட்ஜுக்குள்ள எடுத்து வச்சிருக்கிறன் மாமி. சுடுதண்ணிக்குள்ள போத்தலை வச்சு இளகவிட்டுக் குடுங்கோ."

"அதை மூண்டு நாளைக்குள்ள குடிச்சு முடிச்சிட்டானெண்டா?"

"நான் வரேக்க கொண்டு வருவன்."

"மெட்ராசில இருந்தா?" றோஸி மகனைப் பார்த்தாள். "மெட்ராசில இருந்து சனம் சீலை கொண்டு வரும். இவ பால் கொண்டு வாறாவாம்."

கிளறன்ஸ் பேப்பரை விரித்தான். தாயும் மனைவியும் கதைக்கும்போது அவன் பேப்பரில் மரண அறிவித்தல்களைத்தான் வாசிப்பான்.

சென்னையில் டோரின் காலையிலும் பின்னேரமும் ஹோட்டல் அறையில் எடுத்தாள், மத்தியானம் பயிற்சி நடந்த கட்டடத்துக் கழிவறையில் நின்றபடியே எடுத்தாள். எடுத்ததைச் சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றி ஹோட்டல் சமையலறையின் பெரிய குளிர்பெட்டியில் வைத்தாள். முதல் நாள் பின்னேரம் சமையற்காரர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, எல்லாவற்றிலும் 'மருந்து, தொடாதே' என்று எழுதி ஒட்டினாள். அதற்குப் பிறகு ஹோட்டலில் எல்லோரும் அவளை ஒரு நோயாளியைப்போல மரியாதையாக நடத்தினார்கள். பொங்கலுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக நெய் விட்டார்கள்.

வியாழக்கிழமை பின்னேர விமானத்தில் திரும்புவதாக இருந்தது. ஆனால் புலிகளின் விமானம் கட்டுநாயக்காவுக்கு மேலே வந்துபோன வருடம் அது. இரவில் விமான நிலையத்தை மூடி வைத்திருந்தார்கள். பின்னேர விமானம் சுணங்கியது; இனி ஏறினால் இறங்குவதற்கு இடமில்லை என்று ஆனதும் அதை வெள்ளிக்கிழமை காலைக்குத் தள்ளிவிட்டார்கள். டோரின் திரும்பவும் ஹோட்டலுக்குப் போய்ப் போத்தல்களைத் திரும்பவும் குளிர்பெட்டியில் வைத்து, விடியப்புறம் இன்னுமொரு போத்தல் எடுத்து, எல்லாவற்றையும் ஐஸ்கட்டிகளோடு ஒரு நீல நிறக் குளிர்ப் பையில் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கிற பெண் பையைத் திறந்து பார்த்தாள்.

"இது என்ன மேடம்?"

"தாய்ப்பால். என்ர பிள்ளைக்கு."

"குழந்தை எங்க?"

"கொழும்பில."

"குழந்தை கூட வந்தாத்தான் பாலை உள்ள விடுவாங்க. குழந்தையே இல்லாம பாலை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"பிள்ளை என்னோட இருந்தா நான் ஏன் போத்தலில கொண்டு போறன்? நேராவே குடுத்திடுவனே!"

அந்தப் பெண் அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் குரலைத் தணித்துக்கொண்டாள். "ரூல் அப்படி மேடம். லக்கேஜ்ல போட்டுடுங்க."

டோரினின் பெட்டி ஏற்கெனவே நிறை கூடி இருந்தது. பிள்ளைக்கு உடுப்பு, கிளறன்ஸுக்குச் சேட்டு, 'சனம் சீலை கொண்டு வரும்' என்ற மாமியாருக்கு இரண்டு சீலை. இன்னொரு பை போட முடியாது என்றார்கள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். டோரின் சீலைகளை வெளியே எடுப்பதா, அழுவதா என்று நின்றபோது, பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"அதை என்ர பேரில போடுங்கோ," என்றார் இராஜநாயகம். கூரையைப் பார்த்தபடி சொன்னார். அவருடையது ஒரேயொரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு கோயில் பிரசாதம், ஒப்பந்தம்.

நீலப் பையின் கைப்பிடியில் RAJANAYAGAM என்று அச்சடித்த பட்டி ஒட்டப்பட்டது. பை ஆடி ஆடி உள்ளே போனது.

கொழும்பில் அது கடைசியாகத்தான் வந்தது, பக்கவாட்டில் சரிந்து, யாருடையதோ ஊறுகாய் வாளிக்கு அடியில். டோரின் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதி உருகியிருந்தது. போத்தல்கள் குளிராகத்தான் இருந்தன. சுங்கத்தில் ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். போத்தல்களைக் கண்டதும் மலர்ந்த அவரது முகம், உள்ளே பால் என்று தெரிந்ததும் வாடிப்போனது. போ என்று கையைக் காட்டினார்.

கம்பனி வான் வண்டியோடு ஷரீப் வெளியே நின்றான். அவன் கம்பனிச் சாரதி, மருதானைக்காரன், எந்தச் செய்தியையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாதவன்.

"பிளேன் வருமோ வராதோண்டு நேத்து ராவெல்லாம் யோசின மிஸ். புள்ள சொகமா ஈக்கி. மிஸ்ட மாமி ஓபீஸுக்குக் கோல் எடுத்துச் சொன்ன."

"எல்லாப் பாலும் முடிஞ்சுதாமா?"

"நேத்தே முடிஞ்சாம். இப்ப சீனித்தண்ணி குடுக்கிய. புள்ள கத்துற சத்தம் போன்ல எனக்கே கேட்டுச்சி."

டோரினுக்கு அதைக் கேட்டதுமே இரண்டு மார்பும் கல்லாக இறுகின. விடியப்புறத்துக்குப் பிறகு எடுக்கவில்லை. சேலையை நன்றாக இழுத்து மூடிக்கொண்டு, வேகமாகப் போகச் சொன்னாள்.

கொழும்புக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச்சாவடி. வானை ஓரங்கட்டச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கவேண்டும், பைகளோடு. ஆண்கள் மேசைக்கு, பெண்கள் மறைப்புக்குள். இது பழகிய விஷயம். டோரின் தன்னுடைய பூப்போட்ட பையோடு தகரமும் மண்மூட்டையும் வைத்துக் கட்டிய சின்னக் கொட்டிலுக்குப் போனாள். வாசலில் பழைய சேலையொன்று திரையாகத் தொங்கியது. நீலப் பையை இராஜநாயகம் எடுத்துக்கொண்டார். பட்டியில் அவருடைய பெயர்தானே இருந்தது.

கொட்டிலுக்குள் இருந்த சிப்பாய்ப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பிள்ளைச் சட்டைகளையும் அந்தோனியாரையும் ஓரமாக வைத்துவிட்டுப் பம்பைத் தூக்கினாள். குழாய்களைப் பார்த்தாள். பற்றறிகளைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

"மொகக்த மே?" என்றாள். என்ன இது?

கொட்டாஞ்சேனையில் பிறந்த டோரினுக்குச் சிங்களம் தமிழைப்போலவே வாயில் வரும். "பால் எடுக்கிற மெஷின்," என்று சிங்களத்தில் சொன்னாள்.

"மாட்டுக்கா?"

"எனக்கு."

அந்தப் பெண் டோரினின் முகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. நம்ப வேண்டாம் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "எப்படி?" என்று கேட்டாள். "செய்து காட்டு."

வேறொரு நாளாக இருந்தால் டோரினுக்கு அழுகை வந்திருக்கும். அன்றைக்கு அது காதில் தேவகானமாக விழுந்தது. "கதிரை இருக்கா?" என்றாள். சிப்பாய்ப் பெண் தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையைத் தள்ளிவிட்டாள். டோரின் உட்கார்ந்து, சட்டையின் ஊக்கைக் கழற்றி, புனல்களைப் பொருத்தி, சுவிட்சைத் தட்டினாள். மோட்டர் உறுமியது. பால் போத்தலுக்குள் சர்ரென்று பாய்ந்தது. டோரின் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா!" என்றாள்.

"என்ன சத்தம் அது?" என்று வெளியே ஒரு ஆண்குரல் கத்தியது.

"உன்னுடைய வேலையைப் பார்!" என்று சிப்பாய்ப் பெண் திருப்பிக் கத்தினாள். பிறகு அடுத்த காவலில் நின்ற இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இருவரும் துப்பாக்கிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சி பார்ப்பதுபோல நின்றார்கள். வலிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். இரண்டும் ஒரேயளவு தருமா என்று மற்றவள் கேட்டாள். இடதுதான் கெட்டிக்காரி, வலது அரசாங்க உத்தியோகம் மாதிரி, என்று டோரின் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள்.

"எனக்கும் ஊரில் ஒன்று இருக்கு," என்றாள் முதலாமவள். "மூன்று மாதத்தில் வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்க. துணியை இறுக்கிக் கட்டித்தான் வத்த வச்சேன். இந்த மாதிரி ஒரு சாமான் இருக்கென்று யாரும் சொல்லவில்லை." வேறு யாருடையதோ கதைபோலச் சொல்லிவிட்டு, டோரின் ஊக்கைப் பூட்டும்வரை திரும்பி நின்றாள். பிறகு நிரம்பிய போத்தலைத் தானே வாங்கி, மூடியை இறுக்கி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையை முழங்கையால் விலக்கி வெளியே வந்தாள். டோரின் பின்னால் வந்தாள்.

வெளியே மேசையருகே இராஜநாயகம் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். வலது கையில், வாய்க்கு ஒரு சாண் மேலே, பால் போத்தல்.

நடந்தது இதுதான். மேசையில் நின்ற பையன் புதிதாகச் சேர்ந்த சிப்பாய். நீலப் பையைத் திறந்தான். ஒரே மாதிரிப் போத்தல்கள், வெள்ளைத் திரவம், அவனுக்கு வாசிக்க முடியாத தமிழில் என்னவோ எழுதி ஒட்டியிருக்கிறது. பட்டியையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உன்னுடையதா என்று கேட்டான்.

இராஜநாயகத்துக்குக் கொழும்பில் முப்பது வருடம். ஆனால் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவுதான். இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: ஒருமுறை இப்படியொரு இடத்தில், தங்கையின் வீட்டு இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தினார். திருத்தியதற்காக இரண்டு நாள் பொலிசில் இருந்தார். பட்டியில் தன் பெயர் இருக்கும்போது, இது வேறொரு பெண்ணுடையது என்று சொல்லத் தொடங்கினால் அந்தக் கதை எங்கே போய் முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஓவ். மகே," என்றார். என்னுடையது.

"என்ன இது?"

"கிரி."

"உன்னுடைய பாலா?"

"மகே கிரி," என்றார் இராஜநாயகம், நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு.

சிப்பாய் முதலில் சிரித்தான். பிறகு, ஐம்பத்தாறு வயது ஆண் ஒருவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் இப்படிச் சொல்கிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று பயந்துவிட்டான். "பொன்ன," என்றான். குடி. வானுக்குப் பக்கத்தில் நின்ற ஷரீப், ஐயோ அது சின்னப் பிள்ளையின் பால் என்று இடையில் விழுந்து சொல்லிப் பார்த்தான். சின்னப் பிள்ளை குடிக்கிறதென்றால் பெரியவருக்கு ஒன்றும் ஆகாது, குடிக்கட்டும் என்று பதில் வந்தது.

இராஜநாயகம் ஒரு போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றுவதா என்று அவர் ஒரு கணம் யோசித்ததாக ஷரீப் பிறகு அலுவலகம் முழுக்கச் சத்தியம் செய்தான். பிறகு அண்ணாந்து, போத்தலின் வாய் தன் உதட்டில் படாமல், மெல்லிய தாரையாக ஊற்றினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

டோரின் வெளியே வந்தது அந்த நேரத்தில்தான்.

"யகோ!" என்று சிப்பாய்ப் பெண் கத்திய கத்தலில் வீதியில் நின்ற பஸ்ஸிலிருந்து தலைகள் வெளியே நீண்டன. "மோட்டுப் பயலே, அது இந்த அக்காவுடைய தாய்ப்பால்!" அவள் கையிலிருந்த போத்தலில் இன்னும் சூடு ஆறவில்லை. அதைக் கொண்டுபோய் அவனுடைய மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "நீ என்ன குடித்து வளர்ந்தாய், பெற்றோலா?"

பையனின் முகம் காதுவரை சிவந்தது. டோரினை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இராஜநாயகத்தைப் பார்த்து, "சமாவென்ன அங்கிள்," என்று முணுமுணுத்து மன்னிப்புக் கேட்டான். போத்தலைக் குனிந்து வாங்கி மூடினான். சூடான போத்தலையும் மற்றவற்றோடு வைத்து, பையின் ஸிப்பைப் பூட்டி, தானே வானுக்குக் கொண்டுபோய், இருக்கையில் நேராக நிமிர்த்தி வைத்தான்.

வான் புறப்பட்டது. முன்னிருக்கையில் இராஜநாயகம். பக்கத்தில் ஷரீப், அவனுடைய தோள்கள் குலுங்கின.

"ஷரீப், றோட்டைப் பாத்து ஓட்டும்."

"சரி சேர்."

கொஞ்சத் தூரம் போனபின் இராஜநாயகம் தலையைத் திருப்பாமலே சொன்னார். "பிள்ளை, நான் வாய் வைக்கேல்லை."

அதுவரை அவளை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"கண்டனான் சேர்."

"அண்ணாந்துதான் விட்டனான். எச்சில் படேல்லை. மிச்சத்தைப் பிள்ளைக்குக் குடுக்கலாம்."

"ஓம் சேர்."

டோரினுக்குச் சிரிப்பு வயிற்றுக்குள் பொங்கியது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவருடைய சேட்டுக் கொலரில் ஒரு சொட்டுப் பால் விழுந்து காய்ந்திருப்பதைக் கண்டாள். இவர் அறைக்குள் வந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவன் குடி என்றதும் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாயைத் திறந்திருக்கிறார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அந்தப் பையனின் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பையைத் தூக்கி வந்ததும் ஞாபகம் வந்தது. திருகுவதை விட்டுவிட்டாள்.

"பெரிய உதவி சேர்."

"சேச்சே." இராஜநாயகம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைகள் ஓடின. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "கொஞ்சம் இனிப்பு," என்றார்.

"என்ன சேர்?"

"ஒண்டுமில்லை. ஷரீப், இந்த ஏஸியைக் கொஞ்சம் கூட்டும்."

கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலிலேயே பிள்ளையின் சத்தம் கேட்டது. டோரின் கையை நீட்டியதும் கொன்ஸ்ரன்ரைன் அழுகையை நிறுத்தி அவளை மேலும் கீழும் பார்த்தான். விடுமுறை கேட்காமல் போன வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை. பிறகு முன்னைவிட உரத்து அழுதான், அழுதபடியே சட்டையை இழுத்தான். அவள் செருப்பையும் கழற்றாமல் உட்கார்ந்து கொடுத்தாள். இடதை முடித்து, வலதை முடித்து, ஏப்பம் விட்டு, அவளுடைய விரலொன்றைப் பிடித்தபடியே உறங்கிப்போனான்.

றோஸி போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து பிரிட்ஜுக்குள் வைத்தாள். ஆகாயத்தில் வந்த பால் பிள்ளைக்குச் சளி பிடிக்க வைக்கும் என்பது அவளுடைய அபிப்பிராயம். ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ஏன் பிள்ளை அரைவாசிதான் கிடக்கு? ஊத்துண்டு போச்சா?"

"இல்ல மாமி. அது சேர் குடிச்சவர்."

பிரிட்ஜின் கதவு திறந்தபடியே நின்றது. கிளறன்ஸின் கையிலிருந்த பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"எந்தச் சேர்?"

"எங்கட சேர்தான். இராஜநாயகம் சேர். செக் பொயின்றில குடிக்கச் சொன்னவங்கள்."

றோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். சேசுவே, பாவம் மனுசன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாயிருந்ததாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இனிப்பாம்."

"எவ்வளவு குடிச்சவர்?" என்றான் கிளறன்ஸ்.

"இப்ப அதை அளந்து பாக்கப் போறீங்களா?"

"இல்ல, சும்மா கேட்டனான்." அவன் மறுபடி பேப்பரைத் தூக்கினான். தலைகீழாகப் பிடித்திருந்தான். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, வேறு யாருடைய பெயரிலாவது பையைப் போட்டிருக்கலாமே என்றான். யாருடைய பெயரில் என்று டோரின் கேட்டதும் தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. றோஸி எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

"பிள்ளை, நான் பாலேஸ்வரி. உங்கட சேர் வீட்டில இருந்து கதைக்கிறன்." குரல் பதறியது. "உங்களை ஒண்டு கேக்கவேணும், மறைக்காமச் சொல்லவேணும். இவர் மெட்ராசில டொக்டரிட்டப் போனவரே?"

"இல்லையே அன்ரி. ஏன்?"

"வெள்ளிக்கிழமை வந்து மூண்டுதரம் முழுகினவர். அண்டைக்குப் பின்னேரம் கோயிலுக்கும் போகேல்லை. அதுக்குப் பிறகு தேத்தண்ணியில பால் விடாதையெண்டுறார். தயிர் வேண்டாமாம். பாயாசம் வச்சனான், அதையும் தள்ளி வச்சிட்டார். கொலஸ்ரோலோ வேற ஏதுமோ, எனக்குச் சொல்லாம மறைக்கிறார் பிள்ளை."

டோரின் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சொல்லு என்று தலையை ஆட்டினாள். அந்தக் கதையை இன்னொரு தரம் கேட்க அவளுக்கு ஆசை. டோரின் சொன்னாள். நிறை கூடிய பெட்டி, பட்டி, பையன், அண்ணாந்து குடித்தது எல்லாவற்றையும் சொன்னாள். 'மகே கிரி' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள், ஆனால் அதையும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் எங்கேயோ தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு ஒலி தொடங்கியது. அது பெரிதாகி, பாலேஸ்வரி சிரித்தாள். மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் சிரித்தாள். இராஜநாயகம் தூரத்தில், "ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்பது கேட்டது.

"இஞ்சாருங்கோ," என்று அவள் ரிசீவரை மூடாமலே அவருக்குச் சொன்னாள், "விரதம் முறிஞ்சு போச்செண்டே இந்தப் பாடு? விரதத்துக்குப் பால் பழம் எடுக்கலாம்தானே? எந்தப் பாலெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

பதிலாக ஏதோ ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

"கோவிச்சுக்கொண்டு போறார். போகட்டும், பசிச்சா வருவார்," என்றாள் பாலேஸ்வரி. "பிள்ளை, நீங்கள் ஒண்டுக்கும் வெக்கப்படாதேங்கோ. நான் நாளைக்கு அவரிட்டப் பிள்ளை பெத்தவைக்கு இடிக்கிற சரக்குத் தூள் குடுத்துவிடுறன். உள்ளியும் போட்டு ரசம் வச்சுக் குடியுங்கோ, நல்லாப் பால்..."

"ஆஆ!" என்று டோரின் அலறினாள்.

"என்ன பிள்ளை? என்ன நடந்தது?"

டோரின் பதில் சொல்லவில்லை. ரிசீவர் கதிரைக்குக் கீழே விழுந்து சுருட்டு வயரில் ஆடியது. மடியில் கொன்ஸ்ரன்ரைன் வாயை எடுத்துவிட்டு, தாயின் முகத்தை மிகவும் ஆர்வத்தோடு பார்த்துச் சிரித்தான்.

"கடிச்சிட்டான் மாமி! கடிச்சிட்டான்!"

"என்னத்தால கடிக்கிறது? பல்லில்லாத முரசாலயா?" றோஸி ஓடிவந்து பிள்ளையின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். கண் சரியாகத் தெரியாமல், தேத்தண்ணிக் கோப்பையிலிருந்த கரண்டியை எடுத்து முரசில் மெல்லத் தட்டினாள். டிக் என்றது. இன்னொருதரம் தட்டினாள். டிக்.

"கிளறன்ஸ்! ஓடி வா, பல்லு!"

கிளறன்ஸ் சவர்க்கார நுரை பாதி முகத்தில் இருக்க ஓடிவந்தான். மூன்று தலைகளும் ஒரு வாய்க்குள் எட்டிப் பார்த்தன. கதிரைக்குக் கீழே இருந்து பாலேஸ்வரி ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தாள்.